ஸ்காபரோ டேக் அவுட், இரண்டாவது கடை: 2,40,000 டொலருக்கு எந்தக் கடன் சரி?

கடைத்தெரு (கேள்வி)

வணக்கம். ஸ்காபரோவில் மூன்று வருடமாக ஓடுகிற டேக் அவுட் கடை. ஒன்டாரியோவில் இன்கார்ப்பரேட் செய்தது. பங்குதாரர் நானும் தம்பியும், ஆளுக்குப் பாதி. மார்க்கத்தில் ஒரு பிளாசாவில் இரண்டாவது கடைக்கு இடம் பார்த்திருக்கிறோம். லீஸ் இன்னும் கையெழுத்தாகவில்லை.

செலவுக் கணக்கு, எச்எஸ்டி (விற்பனை வரி) சேர்க்காமல்: உள்வேலை (எக்ஸ்ஹாஸ்ட் ஹூட், வெளிக்காற்று யூனிட், பிளம்பிங், கிரீஸ் டிராப், மின்சாரம்) 1,20,000 டொலர். சமையல் உபகரணம், வாக்-இன் கூலர் 80,000. சரக்கு, முதல் சம்பளங்கள், டெபாசிட் 40,000. மொத்தம் 2,40,000.

இப்போதைய கடை: வருட விற்பனை 6,20,000. நாங்கள் இருவரும் சம்பளம் எடுத்த பிறகு லாபம் 48,000, தேய்மானம் 9,000, வட்டி 2,000. வேன் கடனுக்கு வருடம் 9,600 கட்டுகிறோம். புதுக் கடைக்கு அடிப்படை வாடகை மாதம் 4,000, டிஎம்ஐ (சொத்து வரி, பராமரிப்பு, காப்புறுதிப் பங்கு) 1,500. கையில் 60,000 இருக்கிறது.

எங்கள் கிளையில் இருப்பவர் பிசினஸ் கிரெடிட் கார்டையும் லைன் ஆஃப் கிரெடிட்டையும்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார். அரசாங்க உத்தரவாதக் கடன், பிடிசி (அரசு வணிக வளர்ச்சி வங்கி), உபகரண லீசிங் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் எண்களோடு சொன்னால் உதவி.

வைப்பகம்

முதலில் லைன் ஆஃப் கிரெடிட்டை ஓரமாக வையுங்கோ. அது சரக்குக்கும் சம்பளத்துக்கும் உள்ளது: இந்த மாதம் எடுத்து அடுத்த மாதம் அடைக்கிற காசு. சுவருக்குள் போகிற 1,20,000-ஐ அதில் எடுத்தால், லைன் முதல் நாளே நிரம்பிவிடும். பிறகு ஒரு மந்தமான பெப்ரவரியில் சம்பளம் போட வழி இருக்காது. அது போதாதென்று, பெரும்பாலான லைன்கள் வங்கி கேட்கும்போது திருப்பித் தர வேண்டியவை. ஏழு வருடம் உழைக்கிற பொருளுக்கு ஏழு வருடக் கடன்தான் பொருந்தும்.

உங்கள் செலவுக்கு நேராகப் பொருந்துவது கனடா சிறுவணிக நிதித் திட்டம், அதாவது சிஎஸ்பிஎஃப்பி. காரணம் உள்வேலை. ஹூட்டுக்குப் போட்ட குழாயையும் தரைக்குக் கீழே போன பைப்பையும் கழற்றி விற்க முடியாது, அதனால் சாதாரண வங்கிக் கடனில் அதற்குப் பிணை மதிப்பு கிட்டத்தட்டப் பூச்சியம். இந்தத் திட்டத்தில் வங்கிக்கு நட்டம் வந்தால் தகுதியுள்ள நட்டத்தில் 85 சதவீதத்தை ஒட்டாவா (மத்திய அரசு) ஏற்கிறது. உணவுக்கடைகள் இதை அதிகம் பாவிப்பது அதனால்தான்.

2022 ஜூலை 4-க்குப் பிறகு உள்ள வரம்புகள்: வருட விற்பனை 1 கோடி டொலர் அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். தவணைக் கடன் மொத்தம் 10 லட்சம் வரை. அதில் உபகரணமும் உள்வேலையும் சேர்ந்து 5 லட்சம் வரை. அந்த 5 லட்சத்துக்குள் நடைமுறை மூலதனத்துக்கும் (சரக்கு, சம்பளம் போன்ற அன்றாடச் செலவு) குட்வில் (கடையின் நற்பெயர் மதிப்பு) போன்றவற்றுக்கும் 1,50,000 வரை. இவற்றுக்கு வெளியே 1,50,000 வரை தனி லைன் ஆஃப் கிரெடிட். உங்கள் தொகை எல்லாவற்றுக்கும் உள்ளே நிற்கிறது.

விலை: மாறும் வட்டியானால் வங்கியின் பிரைமுக்கு (அடிப்படை வட்டிக்கு) மேல் 3 சதவீதம் உச்சம், லைனுக்குப் பிரைமுக்கு மேல் 5. அரசுக்குப் போகிற 1.25 சதவீத வருடக் கட்டணம் அதற்குள்ளேயே அடங்கும். தொடக்கத்தில் பதிவுக் கட்டணம் 2 சதவீதம், அதைக் கடனோடு சேர்த்துவிடலாம். 1,60,000 எடுத்தால் 3,200.

இரண்டு விஷயத்தில் ஆட்கள் ஏமாறுகிறார்கள். ஒன்று, அரசு உத்தரவாதம் வங்கிக்குத்தான், உங்களுக்கு இல்லை. கடை மூடினால் வங்கி முதலில் உபகரணத்தை விற்கும், உங்கள் பெர்சனல் கேரண்டியில் வசூலிக்கும், மிச்ச நட்டத்துக்குத்தான் ஒட்டாவாவிடம் போகும். மற்றது, விண்ணப்பம் அரசாங்கத்துக்குப் போவதில்லை. வங்கியோ கிரெடிட் யூனியனோதான் ஆம், இல்லை சொல்கிறது. ஒரு இடத்தில் மறுத்தால் அடுத்த இடத்தில் கேட்கலாம்.

உங்கள் கிளை ஏன் கார்டைத் தள்ளுகிறது என்று விளங்குகிறது. சிஎஸ்பிஎஃப்பியில் பேப்பர் வேலை கூட. ஒவ்வொரு இன்வாய்சும், காசு போனதற்கான அத்தாட்சியும் கோப்பில் இல்லாவிட்டால் பிறகு நட்டத்துக்கு அந்த வங்கி ஒட்டாவாவிடம் வைக்கும் கோரிக்கை நிராகரிக்கப்படும். பழக்கம் இல்லாத அதிகாரி தவிர்க்கப் பார்ப்பார். கவுண்டரில் கேட்காமல் ஸ்மால் பிசினஸ் அக்கவுண்ட் மேனேஜரைக் கேளுங்கோ. "இந்த வருடம் எத்தனை சிஎஸ்பிஎஃப்பி செய்தீர்கள்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

அதே காரணத்தால் எதையும் ரொக்கமாக வாங்க வேண்டாம். கடன் ஒப்புதலுக்கு முன்னே 365 நாளுக்குள் வாங்கியதையும் சேர்க்க முடியும், ஆனால் இன்வாய்ஸ் கம்பனி பெயரில் இருக்க வேண்டும், காசு கம்பனிக் கணக்கிலிருந்து போயிருக்க வேண்டும். சொந்தக்காரரிடம் பழைய அடுப்பு வாங்குவதானால் சுதந்திர மதிப்பீட்டு அறிக்கையும் தேவை.

பிடிசி பற்றி: அது அரசுக்குச் சொந்தமான வங்கி, 1944-ல் தொடங்கியது. மற்ற வங்கிகளுக்குப் போட்டியாக இல்லாமல் அவை விடுகிற இடைவெளியை நிரப்புவதுதான் அதன் வேலை. வட்டி பொதுவாகக் கொஞ்சம் கூட. பிணை இல்லாத நடைமுறை மூலதனத்துக்குக் கொடுப்பார்கள், தொடக்க மாதங்களில் அசலைத் தள்ளிவைப்பதிலும் தாராளம். உங்கள் 40,000-த்துக்கு அங்கே கேளுங்கோ, பெரிய துண்டுக்கு வேண்டாம்.

கணக்குப்புத்தகம்

மேலே சொன்னது சரி. ஆனால் கடன் கிடைப்பது வேறு, கட்ட முடிவது வேறு. எண்களைப் போட்டுப் பார்ப்போம்.

உபகரணமும் உள்வேலையும் 2,00,000. சட்டம் முழுத்தொகைக்கும் இடம் தந்தாலும் வங்கிகள் சொந்தப் பணம் எதிர்பார்க்கும். நீங்கள் 40,000 போட்டு 1,60,000 கடன் என்று வைப்போம். பிரைம் 5 சதவீதம் என்று எடுத்தால் வட்டி 8. ஐந்து வருடத்தில் மாதம் 3,244 டாலர், ஏழு வருடத்தில் 2,494, பத்து வருடத்தில் 1,941. ஏழு வருடத்தை எடுத்துக்கொள்கிறேன்: வருடத்துக்கு 29,926. வேன் 9,600 சேர்த்தால் 39,526.

கடன் கட்டக் கிடைக்கும் வரவு (லாபம், தேய்மானம், வட்டி): 48,000 + 9,000 + 2,000 = 59,000. இதை 39,526-ஆல் வகுத்தால் விகிதம் 1.49, அதாவது ஒரு டாலர் தவணைக்கு 1.49 டாலர் வரவு. வங்கிகள் பொதுவாகக் கேட்பது 1.25. பார்க்க அழகாக இருக்கிறது.

இப்போது புதுக் கடை முதல் ஆறு மாதம் தன் வாடகையைக்கூட எடுக்காது என்று வையுங்கள். வேலை நடக்கும் மாதங்களையும் சேர்த்தால் இது மிகையான அனுமானம் இல்லை. 5,500 வீதம் 33,000 போகும். 59,000 என்பது 26,000 ஆகிவிடும். விகிதம் 0.66. பழைய கடையின் லாபம் முழுவதையும் புதுக் கடை விழுங்கும் வருடம் இது. இரண்டாவது கடை திறந்தவர்கள் முதல் கடையையும் சேர்த்து இழப்பது இந்த இடத்தில்தான்.

இதைச் சரிசெய்ய இரண்டு நெம்புகோல்கள். முதலாவது, ஆறு மாதம் வட்டி மட்டும் கட்ட ஒப்புதல் வாங்குவது. மாதம் 1,067 தான் வரும். முதல் வருடக் கடன் கட்டணம் 21,363-ஆகக் குறையும், வேனோடு 30,963. அப்போதும் 26,000 போதாது, 0.84.

இரண்டாவது, லீஸில் வாடகையில்லா வேலைக்காலம். நான்கு மாதம் அடிப்படை வாடகையை விட்டுத்தர பிளாசா உரிமையாளர் சம்மதித்தால் 16,000 மிச்சம். 42,000-ஐ 30,963-ஆல் வகுத்தால் 1.36. வட்டியில் அரை சதவீதம் குறைக்க வங்கியோடு மல்லுக்கட்டுவதைவிட இது பல மடங்கு பெரிது. அரை சதவீதம் குறைந்தால் வருடத்துக்கு மிஞ்சுவது 800-க்குள்தான். லீஸ் கையெழுத்தாகாமல் இருப்பது உங்கள் கையில் உள்ள பெரிய பலம், அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது எச்எஸ்டி. அதைச் சேர்க்கவில்லை என்று சொன்னீர்கள், ஆனால் அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதைக் காணோம். 2,00,000-க்கு 13 சதவீதம் என்றால் 26,000. அது திரும்பக் கிடைக்கிற வரி என்பதால் சிஎஸ்பிஎஃப்பி கடனில் சேராது. திரும்பாத வரி மட்டுமே செலவாகக் கணக்கில் வரும். ஆக 26,000-ஐ நீங்கள் முன்னால் போட்டுப் பிறகு இன்புட் டாக்ஸ் கிரெடிட்டாக வாங்க வேண்டும். விற்பனை 15 லட்சத்துக்குக் கீழே இருப்பதால், நீங்கள் மாற்றியிருக்காவிட்டால் வருடத்துக்கு ஒருமுறைதான் தாக்கல் செய்கிறீர்கள். நிதியாண்டின் தொடக்கத்தில் செலவு செய்தால் அந்தப் பணம் ஒரு வருடத்துக்கு மேல் முடங்கும். காலாண்டுத் தாக்கலுக்கு மாறலாம், ஆனால் அந்த மாற்றம் நிதியாண்டின் முதல் நாளிலிருந்துதான் நடைமுறைக்கு வரும். அதனால் வேலை தொடங்கும் தேதியை நிதியாண்டோடு சேர்த்து யோசியுங்கள்.

கையிலுள்ள 60,000-இல் 40,000 சொந்தப் பங்கு, 26,000 எச்எஸ்டி. 6,000 துண்டு விழுகிறது, சரக்குக்கு இன்னும் ஒரு டாலர்கூட எடுக்கவில்லை. நடைமுறை மூலதனக் கடன் உங்களுக்குக் கட்டாயம்.

வங்கிக்குப் போகும் கோப்பில் இருக்க வேண்டியவை: மூன்று வருட டி2 (கம்பெனி) வரித்தாக்கலும் நிதிநிலை அறிக்கைகளும், சிஆர்ஏவின் (கனடா வரித் துறை) மதிப்பீட்டு அறிவிப்புகள், கடந்த மூன்று மாதத்துக்குள் எடுத்த இடைக்கால அறிக்கை, இருவரின் டி1 தனிநபர் வரித்தாக்கலும் சொத்துக்கடன் பட்டியலும், ஒப்பந்தக்காரர்களின் கோட்டேஷன்கள், லீஸ் வரைவு, மாதவாரியாக 24 மாதப் பணவரத்துக் கணிப்பு. நீங்கள் கம்பெனிக்குக் கொடுத்த பணம் பங்குதாரர் கடனாக நிற்கிறதென்றால், வங்கிக் கடன் முடியும்வரை அதை எடுக்கமாட்டோம் என்று எழுதிக்கொடுங்கள். வங்கி அதை மூலதனமாக எண்ணும்.

கோப்பைத் திறந்ததும் அனுபவமுள்ள அதிகாரி முதலில் பார்ப்பது சிஆர்ஏ நிலுவையைத்தான். ஊழியர் சம்பளத்தில் பிடித்த வருமானவரி, சிபிபி (ஓய்வூதியம்), இஐ (வேலையிழப்புக் காப்புறுதி) எல்லாம் கிரவுனுக்காக, அதாவது அரசுக்காக, நீங்கள் வைத்திருக்கும் பணம் என்பது சட்டத்தின் பார்வை. அதில் பாக்கி இருந்தால் வங்கியின் பிணைக்கும் முன்னால் சிஆர்ஏ நிற்கும். வழக்கமான கம்பெனிக்கு அடுத்த மாதம் 15-ஆம் தேதி கெடு. மூன்று நாள்வரை தாமதித்தால் அபராதம் 3 சதவீதம், நான்கைந்து நாளுக்கு 5, ஆறேழு நாளுக்கு 7, அதற்கு மேல் 10. லாபம் நன்றாக இருந்தும் கடன் மறுக்கப்படும் கடைகளில் இந்த நிலுவையைப் பார்க்கலாம். சீபா (கோவிட் கால அரசு உதவிக்) கடன் பாக்கி இருந்தால் அதையும் மறைக்காமல் காட்டுங்கள்: 2024 ஜனவரி 18-க்குப் பிறகு அதற்கு 5 சதவீத வட்டி, 2026 டிசம்பர் 31 இறுதிக் கெடு. தவணை வருகிற வருடமே புதுக் கடனும் வந்தால் விகிதம் உடையும்.

கடைத்தெரு

மிக்க நன்றி. எச்எஸ்டிக்கு முன்னால் பணம் போட வேண்டும் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. சிஆர்ஏ பாக்கி எதுவும் இல்லை, சீபாவும் எடுக்கவில்லை. இன்னும் இரண்டு கேள்வி. தம்பி தன் வீட்டின் ஹீலாக்கில் (வீட்டைப் பிணையாக வைத்த லைன் ஆஃப் கிரெடிட்) எடுக்கலாம், வட்டி குறைவு என்கிறான். கார்டு மெஷின் கம்பனி ஒன்று 40,000 உடனே தருகிறோம், விற்பனையிலிருந்து தினமும் பிடித்து 52,000 ஆனதும் முடிந்தது என்கிறது. கேட்க 30 சதவீதம் மாதிரி இருக்கிறது.

தவணைக்காரி

52,000 விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். முழு 40,000-உம் வருடம் முழுக்க உங்களிடம் இருந்தால்தான் அது 30 சதவீதம். தினமும் திருப்பிக் கொடுக்கிறீர்கள், ஆகவே சராசரியாக உங்களிடம் இருப்பது பாதிதான். பன்னிரண்டு சம மாதங்களில் முடியும் என்று கணக்கிட்டாலும் ஆண்டு வட்டி 51 சதவீதத்தைத் தாண்டுகிறது. எட்டு மாதத்தில் முடிந்தால் இன்னும் ஏறும். வியாபாரம் நன்றாக நடந்தால் வட்டி கூடுகிற கடன் இது!

2025 ஜனவரி 1 முதல் கனடாவில் குற்றவியல் வட்டி எல்லை ஆண்டுக்கு 35 சதவீதம். 10,000-க்கு மேல் 5 லட்சம் வரையான வணிகக் கடனுக்கு 48 சதவீதம் வரை விலக்கு. இந்த முன்பணங்களைக் கடன் என்று எழுதாமல், எதிர்கால விற்பனையை வாங்குகிறோம் என்று ஒப்பந்தம் போடுவார்கள். அந்தச் சொற்களைக் கண்டால் வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். பலவற்றில் கம்பனியின் சகல சொத்துக்கும் பிணை பதிவு செய்யும் வாசகமும் இருக்கும். அது பிபிஎஸ்ஏ (அசையும் சொத்துப் பிணை) பதிவேட்டில் ஏறிவிட்டால் உங்கள் சிஎஸ்பிஎஃப்பி விண்ணப்பம் அங்கேயே நிற்கும். வங்கிக்கு முதல் பிணை வேண்டும்.

ஹீலாக் அப்படி மோசமானது இல்லை. வட்டி உண்மையிலேயே குறைவு. வீட்டு மதிப்பில் 65 சதவீதம் வரை, மோர்ட்கேஜோடு சேர்த்து 80 வரை கிடைக்கும். என் கருத்து: உள்வேலைக்கு ஒருபோதும் வேண்டாம். எச்எஸ்டிக்குப் போட வேண்டிய 26,000 மாதிரி, திரும்பி வருவது நிச்சயமான தொகைக்கு மட்டும் எடுக்கலாம். சிஆர்ஏ காசு வந்ததும் அடைத்துவிடுங்கள்.

எடுப்பதானால் ஹீலாக்கில் தனிப் பிரிவு திறந்து அதிலிருந்து மட்டும் கம்பனிக்கு அனுப்புங்கள், தம்பி கம்பனிக்குக் கொடுத்த கடன் என்று பேப்பரில் எழுதுங்கள். வீட்டுச் செலவும் கடைச் செலவும் ஒரே லைனில் கலந்தால் எந்த வட்டி கழிவுக்கு வரும் என்று பிறகு பிரிக்கவே முடியாது. தம்பியின் மனைவி பெயரும் வீட்டில் இருந்தால் அவர் தனியாக ஒரு வக்கீலிடம் ஆலோசனை எடுக்கட்டும். வீடு ஒருவருடையது, கடை இருவருடையது. அபாயம் சமமில்லை என்பதை நீங்கள் இருவரும் இப்போதே பேசி, பங்குதாரர் ஒப்பந்தத்தில் எழுதிவிடுவது உறவுக்கு நல்லது.

புகைக்கூண்டு

வேலைப் பக்கம் இருந்து சில விஷயம், ஏனென்றால் கடன் முழுவதும் ஒரே நாளில் கணக்குக்கு வராது.

வங்கி கட்டம் கட்டமாக, இன்வாய்ஸ் பார்த்துத்தான் விடும். ஒன்டாரியோ கட்டுமானச் சட்டப்படி ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு தொகையிலும் 10 சதவீதத்தை நீங்கள் பிடித்து வைக்க வேண்டும், லீன் (பாக்கிக்காக இடத்தின் மேல் பதியும் உரிமை) போடும் 60 நாள் கடந்த பிறகுதான் விட வேண்டும். 1,20,000-க்கு அது 12,000. முழுதையும் கொடுத்துவிட்டீர்கள், ஒப்பந்தக்காரர் பிளம்பருக்குக் கொடுக்கவில்லை என்றால் பிளம்பர் இடத்தின் மேல் லீன் போடுவார். பிளாசா உரிமையாளர் உங்களைப் பிடிப்பார், அடுத்த கட்டப் பணத்தை வங்கியும் நிறுத்தும்.

பழைய உபகரணம் மலிவு என்று ஏலத்தில் எடுக்கிறவர்கள் முத்திரையைப் பாருங்கள். கனடாவில் ஏற்கப்படும் சான்று முத்திரை இல்லாத காஸ் அடுப்பையோ மின் உபகரணத்தையோ இணைக்க விடமாட்டார்கள். இடத்திலேயே சோதித்து அனுமதி வாங்கலாம், அதற்குச் செலவும் காத்திருப்பும் உண்டு. காஸ் பக்கம் பார்க்கும் அமைப்பு டிஎஸ்எஸ்ஏ, மின்சாரத்துக்கு இஎஸ்ஏ. ஹூட்டுக்கும் வெளிக்காற்று யூனிட்டுக்கும் கட்டிட அனுமதி கிடைக்காமல் முதல் பணத்தை எடுத்தால், அன்றே வட்டி ஓடத் தொடங்கும், வேலை ஓடாது. அனுமதி வந்த பிறகு முதல் பணத்தைக் கேளுங்கள்.

லீஸில் பார்க்க வேண்டியது காலம். ஐந்து வருட லீஸுக்கு ஏழு வருட உள்வேலைக் கடன் கேட்டால் வங்கி தயங்கும். ஐந்தோடு ஐந்து புதுப்பிப்பு உரிமை எழுத்தில் இருந்தால் பிரச்சினை இல்லை. இடிப்பு உரிமை வாசகம் இருந்தால், அதாவது கட்டிடத்தை இடிக்க நினைத்தால் அறிவித்து வெளியேற்றலாம் என்று இருந்தால், அதை எடுக்கச் சொல்லுங்கள். எடுக்காவிட்டால் அந்த இடத்தில் 1,20,000 புதைப்பது சரியில்லை. வங்கி உபகரணத்தை எடுக்க வரும்போது தடுக்கமாட்டேன் என்ற உரிமையாளரின் கடிதமும் வேண்டும். அதை லீஸ் பேசும்போதே வாங்காவிட்டால் பிறகு வாரக்கணக்கில் இழுப்பார்கள்.

வாக்-இன் கூலர் மாதிரிப் பொருளுக்கு லீசிங் கம்பனியும் வரும். முடிவில் 1 டொலருக்கு உங்களுக்கே வருகிற லீஸா, சந்தை விலை கேட்கிற லீஸா என்று முதலிலேயே கேளுங்கள். இடையில் முடிக்க நினைத்தால் பெரும்பாலும் மிச்சத் தவணை அத்தனையும் கேட்பார்கள், வட்டி குறையாது. கடைசியில் முன்னறிவிப்புக் கொடுக்காவிட்டால் தானாகப் புதுப்பிக்கும் வாசகமும் இருக்கும். தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

கடைத்தெரு

ஒன்று விட்டுப்போச்சு. இரண்டாவது கடைக்குப் புதுக் கம்பனி திறந்தால் முதல் கடை பாதுகாப்பாக இருக்குமா?

வைப்பகம்

காகிதத்தில் மட்டும். புதுக் கம்பனிக்கு வரலாறு இல்லை, அதனால் வங்கி பழைய கம்பனியின் கேரண்டியும் உங்கள் இருவரின் கேரண்டியும் கேட்கும். பிளாசா உரிமையாளரும் அதையே கேட்பார். மூன்றையும் கொடுத்தால் சுவர் எங்கே இருக்கிறது? புதுப் பிசினஸ் நம்பர், தனி எச்எஸ்டி, சம்பளக் கணக்கு, வருடாந்தரக் கணக்காளர் செலவு எல்லாம் இரட்டிக்கும். கணக்குத் திறக்கும்போது 25 சதவீதமோ அதற்கு மேலோ பங்குள்ள எல்லோர் விவரத்தையும் வங்கி மறுபடி எடுக்கும்.

வழக்கு, விபத்து போன்ற அபாயத்துக்குத் தனிக் கம்பனி உதவும், பின்னால் ஒரு கடையை மட்டும் விற்கவும் வசதி. அது வேண்டுமென்றால் பழைய கம்பனியின் கேரண்டிக்குத் தொகை எல்லையும், விகிதம் இரண்டு வருடம் தொடர்ந்து 1.25-க்கு மேல் நின்றால் விலக்கிவிடுவோம் என்ற வாசகமும் கேளுங்கோ. சில மேனேஜர்கள் ஒத்துக்கொள்வார்கள், ஆனால் கடன் கடிதம் வருவதற்கு முன் கேட்டால்தான். உரிமையாளரிடமும் கேரண்டியை முதல் 24 மாத வாடகைக்கு மட்டும் என்று அடக்கப் பாருங்கோ.

லீஸ் ஒப்பந்தத்தில் "நிதி ஒப்புதல் கிடைத்தால் மட்டுமே" என்ற நிபந்தனையை 45 நாளுக்குப் போடச் சொல்லுங்கோ. 30 நாள் என்றால் சிஎஸ்பிஎஃப்பி கோப்புக்கு நெருக்கடியாக இருக்கும். அந்த நிபந்தனை இல்லாமல் டெபாசிட் கொடுக்க வேண்டாம்.